கேள்வித்தாள் அச்சான பிறகுதான் நம்மை அழைப்பார்களா?

சென்ற ரமளானின் இரண்டாவது வாரம் அது. காலை ஏழரை மணிக்கு நம் மஹல்லாவில் ஒரு குழு வந்து இறங்கியது. நீரிழிவு நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கும் ஆய்வு. முதலில் வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம். பல நாடுகளிலும் பின்பற்றப்படும் முறைதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ரமளான் பகலில் நம் தெருவில் யார் குளுக்கோஸ் குடிப்பார்கள்?

பள்ளிவாசல் திண்ணையில் களைத்துப் போய் உட்கார்ந்திருந்த இளைஞர் ஒருவரிடம் இதைக் கேட்டோம். "நோன்பு மாசம்னா எல்லாரும் வெறும் வயித்தோட இருப்பாங்க, வேலை சுலபமா முடியும்னு ஆபீஸ்ல சொன்னாங்க பாய்" என்றார் சங்கடத்தோடு. ஸஹர் என்று ஒன்று இருப்பதும், அதிகாலை நாலரை மணிக்குச் சாப்பிட்டவரின் வயிறு ஏழரை மணிக்கு வெறும் வயிறாக இருக்காது என்பதும் அந்த ஆபீஸில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆக, குளுக்கோஸ் குடிக்க யாராவது சம்மதித்திருந்தாலும் அந்தக் கணக்கு தப்பாகத்தான் வந்திருக்கும்.

கேள்வித்தாளும் அப்படியே. "நேற்று காலை உணவாக என்ன உண்டீர்கள்?" என்று ஒரு கேள்வி. "ஸஹரைச் சொல்லவா, நோன்பு திறந்ததைச் சொல்லவா?" என்று கேட்டார் ஒரு பெரியம்மா. இரண்டுக்கும் அந்தத் தாளில் கட்டம் இல்லை.

மூன்றாம் நாள் அவர்களுடைய அதிகாரி ஒருவர் கடிதத்தோடு பள்ளிக்கு வந்தார். ஜும்ஆவுக்குப் பிறகு அறிவிப்புச் செய்து மக்களை ஒத்துழைக்கச் சொல்ல வேண்டுமாம். அறிவிப்புச் செய்தோம். பரிசோதனைக்காகக் கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் நோன்பு முறியாது, குளுக்கோஸ் குடித்தால் முறிந்துவிடும், ஆகவே பெருநாள் கழித்து வந்தால் இன்ஷா அல்லாஹ் எல்லோரும் ஒத்துழைப்போம் என்று சொன்னோம். பெருநாள் கழித்து வர அவர்களுடைய கால அட்டவணையில் இடமில்லை. பிறகு கேள்விப்பட்டோம், நமது பகுதியைப் பற்றி அவர்கள் எழுதிக்கொண்டது மூன்றே சொற்கள்: போதிய ஒத்துழைப்பு இல்லை.

நாம் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லவில்லை. நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு மதிப்பிட்டது. எந்த ஊருக்கு மருந்து, எந்த ஊருக்கு மருத்துவர், எந்தத் தெருவுக்குச் செவிலியர் என்பதெல்லாம் இத்தகைய கணக்குகளை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகின்றன. கணக்கில் இல்லாத தெரு திட்டத்திலும் இருக்காது. கால் விரலை இழந்த பெரியவர்கள் எத்தனை பேர் நமது முதல் ஸஃப்பில் நாற்காலி போட்டுத் தொழுகிறார்கள் என்று பார்த்தால் இதன் கனம் புரியும்.

ரமளானுக்கு இரண்டு மாதம் முன்பு அந்த ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, "உங்கள் பகுதியில் இப்படி ஓர் ஆய்வு செய்யப் போகிறோம், எப்போது வரலாம், என்ன கேட்கலாம்?" என்று கேட்டிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. அறிவிப்புச் செய்ய மட்டும் பள்ளிவாசல் வேண்டும், ஆலோசனைக்கு வேண்டாம். நமது புகார் இது ஒன்றுதான்.

கூட்டத்தில் இல்லாதவரிடம் இருந்த செய்தி

மதரஸாவில் ஹதீஸ் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சம்பவம் ஒன்று. உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் பயணம் சென்றபோது ஸர்க் என்ற இடத்தில் அபூ உபைதா (ரலி) உள்ளிட்ட தளபதிகள் எதிர்கொண்டு வந்து, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்று சொன்னார்கள். மேலே செல்வதா, திரும்புவதா? உமர் (ரலி) முதலில் முஹாஜிர்களில் முந்தியவர்களை அழைத்துக் கேட்டார்கள். அவர்களுக்குள் கருத்து வேறுபாடு. அடுத்து அன்சாரிகளை அழைத்தார்கள். அவர்களும் அப்படியே. பிறகு குறைஷிகளில் மூத்தவர்களைக் கேட்டார்கள். திரும்பிவிடுவதே நல்லது என்று அவர்கள் ஒருமித்துச் சொன்னார்கள். உமர் (ரலி) அதையே முடிவாக அறிவித்தார்கள். அதன் பிறகுதான், வேறு வேலையாகச் சென்றிருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து சேர்ந்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் நுழையவும் கூடாது, இருக்கும் ஊரில் பரவினால் அங்கிருந்து ஓடவும் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லத் தாம் கேட்டிருப்பதாக அறிவித்தார்கள்.

கலீஃபா தனியே முடிவெடுக்கவில்லை, ஒரு குழுவை மட்டும் கேட்டு நிறுத்தவுமில்லை என்பதை பயான்களில் அடிக்கடி சொல்கிறோம். அதைவிட நம் மனதில் நிற்பது வேறு. தேவையான தகவல், அந்தக் கூட்டங்கள் எதிலும் இல்லாத ஒரு மனிதரிடம் இருந்தது.

கானோ நகரத்துக் காயம்

வட நைஜீரியாவின் கானோ முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் பழைய நகரம். 1996-ல் அங்கே மூளைக்காய்ச்சல் பரவி ஆயிரக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அமெரிக்காவின் ஃபைசர் நிறுவனம் அங்கிருந்த தொற்றுநோய் மருத்துவமனைக்கு வந்து, 'ட்ரோவன்' என்ற தன் புதிய மருந்தை 200 குழந்தைகளை வைத்துச் சோதித்தது. பாதிப் பேருக்குப் புதிய மருந்து, மீதிப் பேருக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மருந்து. 11 குழந்தைகள் இறந்தார்கள். இறப்புகள் இரண்டு பக்கத்திலும் ஏறத்தாழ சமமாகவே இருந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பெற்றோர்களின் குற்றச்சாட்டு, இது சிகிச்சை அல்ல, பரிசோதனை என்று தங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதே. அதே வளாகத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வழக்கமான மருந்தை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. எந்த வரிசை எது என்று குழந்தையைத் தோளில் போட்டு ஓடிவந்த தாய்க்கு எப்படித் தெரியும்? வாய்மொழியாகச் சம்மதம் பெற்றோம், தவறேதும் செய்யவில்லை என்றது நிறுவனம். வழக்குகள் நீண்டு, 2009-ல் கானோ மாநிலத்துடன் 7.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

இதற்கிடையில் 2003 வந்தது. உலகத்திலிருந்து போலியோவை ஒழிக்கும் முயற்சி கடைசிக் கட்டத்தில் இருந்த நேரம். கானோ உட்பட வட நைஜீரிய மாநிலங்கள் சில சொட்டு மருந்தை நிறுத்தின. அதில் மலடாக்கும் பொருள் கலந்திருக்கிறது என்ற வதந்தி. வதந்தி பொய். ஆனால் அது முளைத்த மண் பொய்யல்ல. ஏழு ஆண்டுக்கு முன் தம் பிள்ளைகளை வைத்து என்ன செய்தார்கள் என்பதை அந்த மக்கள் மறக்கவில்லை. கானோவில் ஏறத்தாழ ஓராண்டு தடை நீடித்தது. கடைசியில் முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்தைத் தருவிப்பது என்று பேசித் தீர்த்து 2004-ல் மீண்டும் தொடங்கினார்கள். அதற்குள் நைஜீரியக் கிருமி பல நாடுகளுக்குப் போய்விட்டது. இதில் மனதை உலுக்குவது என்னவென்றால், 2005-ல் இந்தோனேசியாவிலேயே போலியோ வெடித்து 300-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை முடக்கியது. ஆராய்ந்து பார்த்தபோது அந்தக் கிருமியின் மூலம் நைஜீரியா. மருந்து அனுப்பிய நாட்டுக்கு நோய் போய்ச் சேர்ந்தது.

இந்தச் சம்பவத்தைச் சொல்லி, தடுப்பு மருந்து என்றாலே சதி என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்கள் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். முடங்கிய கால்கள் முஸ்லிம் பிள்ளைகளின் கால்கள் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

முராதாபாத் தாய்மார் கேட்டது

நமது நாட்டுக்கு வருவோம். 2002-ல் இந்தியாவில் 1,600 பிள்ளைகளுக்குப் போலியோ. அதில் 1,242 பேர் உத்தரப் பிரதேசத்தில். அந்த மாநிலத்தில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். அங்கே நமது மக்கள் தொகையோ ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. முராதாபாத் போன்ற மேற்குப் பகுதி நகரங்களின் மஹல்லாக்களில் சொட்டு மருந்துக் குழு வந்தால் கதவு சாத்தப்படும் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. 'மறுக்கும் குடும்பங்கள்' என்று அதிகாரிகள் அவற்றுக்குப் பெயரே வைத்தார்கள்.

மறுத்தவர்களில் மலட்டு வதந்தியை நம்பியவர்கள் இருந்தார்கள், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் வேறு கேள்வி கேட்டவர்களும் இருந்தார்கள். இத்தனை முறை கொடுத்தாகிவிட்டதே, இன்னும் எத்தனை முறைதான் கொடுப்பீர்கள்? பல தடவை சொட்டு மருந்து குடித்த பிள்ளைக்கும் போலியோ வருகிறதே, ஏன்? சாக்கடை வாசலில் ஓடுகிறது, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, அதற்கு மருந்து கேட்டால் இல்லை என்கிறீர்கள். இதை மட்டும் ஏன் தேடித் தேடி வந்து கொடுக்கிறீர்கள்?

படிக்காத மக்களின் பிடிவாதம் என்று இதை ஒதுக்கினார்கள். 2006-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. அப்போது புழக்கத்தில் இருந்த மூவகை சொட்டு மருந்தின் ஒரு தவணை, நாட்டின் பிற பகுதிகளில் முதல் வகைப் போலியோவுக்கு எதிராகச் சுமார் 21 சதவீதப் பாதுகாப்புத் தந்தது என்றால், உத்தரப் பிரதேசத்தில் சுமார் 9 சதவீதம்தான் தந்தது என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். நெருக்கடியான குடியிருப்பும் சுகாதாரக் கேடும் வயிற்றுப்போக்கும் மருந்தின் வேலையைக் கெடுத்தன. நமது வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் டாக்டர் ஜேக்கப் ஜான், சொட்டு மருந்து நம் நாட்டுப் பிள்ளைகளிடம் எதிர்பார்த்த அளவு வேலை செய்வதில்லை என்று 1970-களிலிருந்தே சொல்லி வந்தவர்.

வாசற்படியில் நின்று அந்தத் தாய் கேட்டதும், ஆய்விதழில் விஞ்ஞானிகள் கேட்டதும் ஒரே கேள்விதான். அவர் கேட்டதை மறுப்பு என்று எழுதிக்கொண்டார்கள். இவர்கள் கேட்டதை ஆராய்ச்சி என்றார்கள். தாய்மார் சொன்னதை அன்றே ஆய்வுக் கேள்வியாக மாற்றியிருந்தால் எத்தனை பிள்ளைகளின் கால்கள் தப்பியிருக்கும் என்று கணக்குப் போட நமக்குத் துணிவில்லை.

அதன் பிறகு நடந்தவை பாராட்டத்தக்கவை. ஒற்றை வகை, இருவகை மருந்துகள் வந்தன. யூனிசெஃபும் தொண்டு அமைப்புகளும் அந்தந்தத் தெருப் பெண்களையே பணியாளர்களாக எடுத்தன. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா போன்ற நிறுவனங்கள் வந்தன, இமாம்கள் வந்தார்கள், மதரஸாக்கள் கதவைத் திறந்தன. 2009 முதல், நோய் அதிகமிருந்த 107 வட்டாரங்களில் சொட்டு மருந்தோடு கழிப்பறை, கை கழுவுதல், வயிற்றுப்போக்குக்கு உப்புக்கரைசல், துத்தநாக மாத்திரை என்று சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். தாய்மார் கேட்ட மூன்றாவது கேள்விக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது. 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைக்கு வந்ததுதான் நாட்டின் கடைசிப் போலியோ. 2014 மார்ச் 27-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது.

இரண்டு மண்ணறைகள்

2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, புதிய தொற்றுகளில் குறைந்தது 20 சதவீதம் ஜனாஸா நேரத்தில் ஏற்படுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மய்யித்தைக் குளிப்பாட்டுவதும் தொடுவதும் உயிருக்கே ஆபத்து. ஆரம்பத்தில் முகமூடிக்காரர்கள் வந்து உடலைப் பையில் கட்டி எடுத்துப் போனார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? நோயாளிகளை மறைத்தார்கள், இரவில் தாங்களே அடக்கினார்கள். நோய் இன்னும் பரவியது. அந்த ஆண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் முஸ்லிம், கிறிஸ்தவ அமைப்புகளோடு உட்கார்ந்து நடைமுறையைத் திருத்தி எழுதியது. குளிப்பாட்டுவதற்குப் பதில் தயம்மும். வெள்ளைக் கஃபன் துணி. குடும்பத்தார் தூரத்தில் நின்று துஆ செய்ய வாய்ப்பு. மார்க்கச் சட்டம் படித்த எவருக்கும் தண்ணீர் பயன்படுத்த இயலாதபோது தயம்மும் உண்டு என்பது முதலாண்டுப் பாடம். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த மேசைக்கு வந்து சேரும் முன்பே ஆயிரக்கணக்கானோர் இறந்திருந்தார்கள்.

இன்னொரு மண்ணறை நமக்குப் பக்கத்தில், நமது மொழி பேசும் சகோதரர்களுடையது. கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று இலங்கை அரசு 2020 ஏப்ரலில் அரசிதழில் வெளியிட்டது. நிலத்தடி நீர் வழியே கிருமி பரவும் என்பது சொல்லப்பட்ட காரணம். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இருந்தது. பிறந்து 20 நாளே ஆன குழந்தைகூட அந்த டிசம்பரில் எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டி அழுதார்கள். அடக்கம் செய்வதால் ஆபத்தில்லை என்று 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கமே சொன்னது. பிப்ரவரி இறுதியில்தான் தடை விலகி, ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

நிலத்தடி நீரில் கிருமி பரவுமா என்பது நியாயமான கேள்விதான். ஆய்ந்து பார்க்கக் கூடியதும்கூட. பாதிக்கப்படப் போகிறவர்களை அழைத்து, சேர்ந்தே ஆராய்வோம், எந்த நிலம் உகந்தது என்று பார்ப்போம் என்று தொடங்கியிருந்தால் அந்தப் பத்து மாதங்கள் வேறு விதமாகப் போயிருக்கும்.

நமக்குரிய நாற்காலி

இந்தியாவில் மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த மருத்துவ ஆய்வுக்கும் முதலில் ஒரு நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். அந்தக் குழுவில் மருத்துவர்கள் மட்டும் இருந்தால் போதாது. மருத்துவம் படிக்காத சாமானியர் ஒருவர் இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர் இருக்க வேண்டும். சமூகவியலாளர், தத்துவம் படித்தவர், சமய அறிஞர் போன்றோரில் ஒருவரும் இருக்க வேண்டும். மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலிலும், புதிய மருந்துகளுக்கான 2019 விதிகளிலும் இது எழுதப்பட்டிருக்கிறது. ஆய்வு தொடங்கும் முன்பே சமூகத்தோடு பேச வேண்டும் என்பதையும் 2017 வழிகாட்டுதல் வலியுறுத்துகிறது.

சமய அறிஞர் என்ற சொல்லைப் படித்துவிட்டு நாம் சற்று நேரம் யோசித்தோம். நம் ஊர்களைச் சுற்றி எத்தனை மருத்துவக் கல்லூரிகள்! அவற்றின் நெறிமுறைக் குழுவில் உட்கார்ந்திருக்கும் ஆலிம் ஒருவரையாவது நமக்குத் தெரியுமா? சாமானியர் இடத்தில் நமது மஹல்லாக்காரர் ஒருவர்? அழைக்கவில்லை என்பது ஒரு பாதி. அப்படி ஓர் இடம் இருப்பதே நமக்குத் தெரியாது என்பது மறு பாதி. ஏழாண்டு, எட்டாண்டு ஓதி வருகிற பிள்ளைகளுக்கு, ஓர் ஆய்வுத் திட்டத்தைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கத்தில் சம்மதப் படிவம் இருக்கும் என்று நமது பாடத்திட்டம் சொல்லித் தருவதில்லை. மதரஸாவுக்குப் பிறகு கலைக் கல்லூரிக்கும் போன நமக்கே இது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சமூகத்தை அழையுங்கள் என்று நாம் கேட்கும்போது, வந்து உட்காரப் போவது யார்? முதவல்லி, செயலாளர், நம்மைப் போன்ற ஒரு ஹஜரத். மூவரும் ஆண்கள். மேலப்பாளையத்தில் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். ஆய்வாளர் புகையிலைத் தூசியையும் நெஞ்சுச் சளியையும் கேட்பார். அந்தப் பெண்ணைக் கேட்டால் முதலில் கழுத்து வலியைச் சொல்லலாம், கண் மங்குவதைச் சொல்லலாம், மாதவிலக்குக் கோளாறைச் சொல்லலாம். இலையை ஊறப்போட்ட ஈரத்தோடு பிள்ளை அதே அறையில் படுத்து உறங்குகிறதே, அதற்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்கலாம். முதவல்லி இதில் எதைச் சொல்வார்? ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைத் தொழிலாளியின் கைப்புண்ணைப் பற்றிப் பேச முதலாளியே ஜமாஅத் பிரதிநிதியாக வந்தால் என்ன ஆகும்? சில ஊர்களில் ஜமாஅத் நிர்வாகத்தில் யார் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல.

ஜமாஅத் சம்மதித்துவிட்டது என்பது ஒருவருடைய உடலுக்கான சம்மதமும் ஆகாது. 2009-ல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பள்ளி மாணவிகளுக்கு, கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியை ஒரு செயல்விளக்கத் திட்டமாகப் போட்டார்கள். பல பிள்ளைகள் பழங்குடி விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை தந்தபோது, பார்க்கப்பட்ட 9,543 படிவங்களில் 2,763-ல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தது தெரிந்தது. தடுப்பூசி கெட்டது என்று நாம் சொல்லவில்லை; அது பெண்களின் உயிரைக் காக்கும் மருந்து. தாய் தகப்பன் இருக்கையில் காப்பாளர் கையெழுத்துப் போட்டதுதான் பிழை. நாளை நம் மஹல்லாவில் அந்தக் காப்பாளரின் இடத்தில் முதவல்லியோ இமாமோ நின்றுவிடக் கூடாது.

பெண்களிடம் கேட்டபோது

இனி அந்த நீரிழிவு ஆய்வுக்கே திரும்புவோம். 2001-ல் 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடம் 'எபிடியார்' என்ற ஆய்வு நடந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் சுமார் 79 சதவீதம் பேர் ரமளானில் குறைந்தது 15 நாட்களாவது நோன்பு வைத்திருந்தார்கள். இன்சுலின் இல்லாமல் வாழ முடியாத முதல் வகையினரிலும் சுமார் 43 சதவீதம் பேர். 'லோ சுகர்' ஆகி மருத்துவமனைக்குப் போகும் நிலை, மற்ற மாதங்களைவிட ரமளானில் பல மடங்கு கூடியிருந்தது. நோன்பு வைக்காதீர்கள் என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள் என்ற மருத்துவர்களின் எண்ணத்தை அந்த ஆய்வு உடைத்தது. அதன் பின்னர்தான், நோன்பு வைக்கப் போகிறவர்களை எப்படிப் பாதுகாப்பது என்ற கேள்வி முன்னுக்கு வந்து, சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2016-ல் ரமளானுக்கென்றே வழிகாட்டி வெளியிட்டது.

அந்தக் குழு போன பிறகு நம் வீட்டாரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலரும் ஒரு தராவீஹுக்குப் பிறகு உட்கார்ந்து, தங்களிடம் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று பேசினார்கள். நாம் பக்கத்து அறையிலிருந்து குறித்துக்கொண்டோம். ஸஹரில் போட வேண்டிய மாத்திரை எது, இஃப்தாரில் எது என்று டாக்டரிடம் கேட்கப் பயந்து தாமே மாற்றிப் போட்டுக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்? நோன்பு வைக்காதே என்று சொல்வார் என்பதற்காக ரமளான் முழுதும் டாக்டரிடமே போகாதவர்கள் எத்தனை பேர்? ஒரு கோப்பை நோன்புக் கஞ்சி சர்க்கரையை எவ்வளவு ஏற்றும், அதில் தேங்காய்ப் பால் ஊற்றினால் எவ்வளவு? பகலில் தலை சுற்றியும் மாமியார் என்ன சொல்வாரோ என்று நோன்பை முறிக்காமல் அடுப்படியில் சுருண்டு உட்கார்ந்த மருமகள் எத்தனை பேர்? கடைசிக் கேள்வியைச் சொன்ன பெண்ணின் மாமியாரும் அங்கேதான் இருந்தார். சற்று நேரம் யாரும் பேசவில்லை.

நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கிறது என்று நாம் ஆண்டுதோறும் பயான் செய்கிறோம். அந்தச் சலுகை வீட்டுக்குள் அடுப்படிவரை போய்ச் சேர்ந்ததா என்று ஒரு முறைகூட நாம் கேட்டதில்லை என்பது அன்று நமக்கு உறைத்தது.

இரண்டு மாதங்களுக்கு முன் அதே ஆபீஸிலிருந்து பள்ளிவாசலுக்கு மறுபடியும் கடிதம் வந்தது. விடுபட்ட பகுதிகளை மீண்டும் எடுக்கப் போகிறார்களாம். ஷஃபான் மாதத்துக்கு முன்பே வாருங்கள், கேள்வித்தாளை அச்சடிக்கும் முன்பு எங்கள் பெண்கள் பத்துப் பேரோடு உங்கள் பெண் மருத்துவர் ஒருவர் ஒரு நாள் மாலை உட்காரட்டும், அந்தப் பத்துப் பேரில் நிர்வாகிகளின் வீட்டுப் பெண்கள் இருவருக்கு மேல் வேண்டாம், ஆய்வின் முடிவை எங்களுக்கும் தமிழில் வந்து சொல்லுங்கள் என்று ஜமாஅத் பதில் எழுதியிருக்கிறது. இருவருக்கு மேல் வேண்டாம் என்ற வரியை வைப்பதா வேண்டாமா என்று நிர்வாகக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. வரி நின்றது. ஆபீஸிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. அதற்குள் பத்துப் பெண்களில் ஏழு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள்.